பஞ்சு கொட்டுதல்

பஞ்சு கொட்டுதல் என்பது இறுகிப்போன பஞ்சை வில்லாலோ பொறியாலோ அடித்து, இழைகளைப் பிரித்து, தூசு நீக்கி, மீண்டும் மென்மையாக்கும் தொழில் ஆகும். பஞ்சு அடித்தல், பஞ்சு பன்னுதல் என்றும் இது அழைக்கப்படுகிறது. நூற்பதற்கு முன் புதுப் பஞ்சைப் பக்குவப்படுத்தும் வேலையையும் இச்சொல் குறிக்கும். எனினும் நூற்பாலைகள் பரவிய பின்னர், வாடிக்கையாளரின் பழைய மெத்தை, தலையணைகளைப் பிரித்து, அதே பஞ்சைக் கொட்டி, மீண்டும் அடைத்துத் தைத்துக் கொடுக்கும் கூலித் தொழிலையே இது பெரும்பாலும் குறிக்கிறது. இத்தொழிலில் பஞ்சும் உறையும் வாடிக்கையாளருடையவை. தொழிலாளி விற்பது தன் உழைப்பையும் கைத்திறனையும் மட்டுமே ஆகும்.

இக்கட்டுரை பருத்தி விளைச்சலும் விசைத்தறியும் மிகுந்த சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிப் பகுதியை முதன்மையாகக் கொண்டு இத்தொழிலை விளக்குகிறது.

பெயர்

கொட்டுதல் என்பது இங்கு அடித்தல் என்னும் பொருளில் வருகிறது. பறை கொட்டுதல் என்பதிலும் இதே பொருளே உள்ளது. பஞ்சை விரலால் இழுத்து நொய்தாக்குவதற்கு எஃகுதல் என்ற பழஞ்சொல்லும் தமிழில் உண்டு. இத்தொழிலைச் செய்வோர் பஞ்சுக்கொட்டி, பஞ்சு கொட்டுபவர் என்று அழைக்கப்படுகின்றனர்.

வரலாறு

வில்லால் பஞ்சு அடிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. சங்க இலக்கியங்களுள் ஒன்றான நற்றிணையின் 299ஆம் பாடல், காற்று மோதுவதால் அலையிலிருந்து தெறித்து எழும் நீர்த்துளிகளை, வில்லால் அடிக்கப்பட்ட பஞ்சுக்கு ஒப்பிடுகிறது. நெய்தல் நிலத்துப் பாடல் ஒன்று கடல் நுரைக்கு இவ்வுவமையைக் கையாள்வதால், கேட்போருக்கு அக்காட்சி நன்கு பழகியதாக இருந்திருக்க வேண்டும்.

பஞ்சு அடிக்கும் வில் இந்தியாவுக்கு எப்போது வந்தது என்பது குறித்து வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இர்பான் அபீப் 1969ஆம் ஆண்டு இந்திய வரலாற்றுப் பேரவையில் ஆற்றிய உரையில், தில்லி சுல்தான்கள் காலத்தில் புகுந்த புதிய நுட்பங்களோடு இவ்வில்லையும் சேர்த்து ஆராய்ந்தார். தென்னிந்திய நெசவுத் தொழிலை ஆராய்ந்த விசயா ராமசாமி, இக்கருவி இந்தியாவில் அதற்கு முன்பே வழங்கியது என்று வாதிட்டார். நற்றிணைச் சான்று இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்ப்பதாகும்.

தொழில் செய்வோர்

தென்னிந்தியாவில் இத்தொழில் நெடுங்காலமாக முசுலிம் சமூகப் பிரிவு ஒன்றோடு இணைத்து அறியப்படுகிறது. தெலுங்கு வழங்கும் பகுதிகளில் இவர்கள் தூதேகுலா எனப்படுவர். தெலுங்கில் தூதி என்பது பஞ்சைக் குறிக்கும். பிஞ்சாரி, நதாப், லதாப் ஆகிய பெயர்களும் வழங்குகின்றன. பஞ்சு அடிப்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து நதாப் என்ற பெயர் வந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல் தொகுதியில் தூதேகுலா பற்றிய குறிப்பு உள்ளது. தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட வகுப்பு முசுலிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு அளிக்கப்பட்டபோது, அதன் பட்டியலில் தூதேகுலாவும் இடம்பெற்றது. இன்று பிற சமூகத்தினரும் இத்தொழிலில் உள்ளனர்.

பஞ்சு இறுகும் காரணம்

பருத்தி இழை இயல்பில் நேரானதன்று. முறுக்கிய நாடா போன்ற வடிவம் உடையது. இம்முறுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் பருத்தியை நூலாக நூற்க முடிகிறது. மெத்தை இறுகுவதற்கும் அதே பண்பே காரணம் ஆகும். உடலின் எடை நாள்தோறும் அழுத்துவதால் இழைகள் நெருங்கிச் சிக்கிக்கொள்கின்றன. மேலும், பருத்தி ஈரத்தை எளிதில் ஏற்கும் தன்மையது. நூல் வணிகத்தில் பருத்தியின் இயல்பான ஈரப்பதம் அதன் உலர் எடையில் 8.5 விழுக்காடு எனக் கொள்ளப்படுகிறது. வியர்வை ஈரம் சேரச் சேரப் பஞ்சு கட்டி கட்டியாகிவிடுகிறது.

இறுகிய பஞ்சில் இழைகள் பெரும்பாலும் அழிவதில்லை. அவற்றினிடையே இருந்த காற்றிடைவெளியே குறைந்துவிடுகிறது. கொட்டுதல் இந்த இடைவெளியை மீட்டுத் தருகிறது. ஆகவே ஒரே பஞ்சைப் பலமுறை கொட்டிப் பயன்படுத்த இயலும். ஒவ்வொரு முறையும் சில இழைகள் அறுந்து தூசாகக் கழிவதால், ஈடுசெய்யச் சிறிதளவு புதுப் பஞ்சு சேர்க்க வேண்டியிருக்கும்.

கருவிகள்

வில்: ஏறத்தாழ ஓர் ஆள் உயரமுள்ள மரத்தண்டும், அதன் ஒரு முனையில் அகன்ற பலகையும் கொண்டது. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு நாணாகக் கட்டப்படும். கையால் தாங்கியோ, மேலிருந்து கயிற்றில் தொங்கவிட்டோ வில்லைப் பயன்படுத்துவர். இரு முனையும் பருத்து நடுவில் பிடியுள்ள மரக்கட்டையால் நாணைத் தட்டும்போது அது அதிரும். அதிரும் நாணைப் பஞ்சின்மேல் படியவிட்டால், இழைகள் அதில் தொற்றி, அடுத்த அதிர்வில் தனித்தனியாகத் தெறித்து விழும். மண்ணும் கொட்டைத் துணுக்கும் எடை மிகுந்தவை ஆதலால் கீழே தங்கிவிடும். நாண் எழுப்பும் ஓசையே தெருவில் பஞ்சு கொட்டுபவர் வந்துள்ளதை அறிவிக்கும்.

பொறி: முட்கள் பொருத்திய உருளை ஒன்று மின்னோடியால் வேகமாகச் சுழலும். ஒரு பக்கம் செலுத்தப்படும் பஞ்சுக் கட்டிகளை முட்கள் கிழித்துப் பிரித்து மறுபக்கம் வீசுகின்றன. வில்லால் பல மணி நேரம் பிடிக்கும் வேலை இதில் விரைவில் முடிந்துவிடும். ஆனால் முட்கள் இழைகளை அறுப்பதால் தூசும் எடை இழப்பும் மிகுதி. சிறு சரக்கு ஊர்தியில் பொறியை ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் அறிவித்தபடி ஊர் ஊராகச் செல்வோரும் உண்டு.

செய்முறை

1. மெத்தையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தல். உறையை வாடிக்கையாளர் துவைத்து வைப்பார், அல்லது புது உறைத்துணி வாங்கித் தருவார்.
2. பஞ்சைக் கையால் பிய்த்து வெயிலில் உலர்த்துதல். ஈரப் பஞ்சு நாணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இது இன்றியமையாதது.
3. வில்லாலோ பொறியாலோ கொட்டுதல். பிரியாத கட்டிகளை நீக்கி, தேவையான புதுப் பஞ்சைக் கலத்தல்.
4. உறைக்குள் பஞ்சைப் படிப்படியாகப் பரப்பி அடைத்தல். மூலைகளை முதலில் நிரப்புவர்; அவை குறைந்தால் மெத்தை நடுவில் உருண்டுவிடும்.
5. வாயைத் தைத்து, கோலால் தட்டிப் பஞ்சைச் சமன்படுத்துதல்.
6. நீண்ட ஊசியால் மெத்தையின் மேலிருந்து கீழாக இடைவெளிவிட்டுக் குத்தித் தைத்து முடிச்சிடுதல். பஞ்சு இடம்பெயராமல் இருப்பது இத்தையலாலேயே. விளிம்பில் பஞ்சைத் திரட்டிக் கரை தைப்பதும் உண்டு.

கடைசி இரு படிகளிலேயே தொழிலாளியின் தேர்ச்சி வெளிப்படும். தையல் மிக நெருங்கினால் மெத்தை கடினமாகும்; மிக விலகினால் சில மாதங்களிலேயே பஞ்சு குவிந்துவிடும்.

இலவம் பஞ்சு

இலவ மரத்தின் காயிலிருந்து கிடைப்பது இலவம் பஞ்சு ஆகும். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் இதன் பெயர்பெற்ற வணிக மையம். இவ்விழை உள்ளீடற்றது, மெழுகுப் பூச்சுடையது, வழுவழுப்பானது. எனவே இதை நூலாக நூற்பது கடினம். ஈரத்தையும் எளிதில் ஏற்பதில்லை. இலவு காத்த கிளி என்ற பழமொழியில் வரும் கிளி, காய் பழுக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்தது. மெத்தை தைப்போருக்கோ அப்பஞ்சே விளைச்சல். இலவ இழை எளிதில் நொறுங்குவதால் பருத்தியைப் போல் வலுவாகக் கொட்டலாகாது. வெயிலில் காயவைத்து மெல்ல உதறினாலே பெரும்பாலும் போதுமானது. ஒரே வீட்டின் மெத்தைகளில் இருவகைப் பஞ்சும் இருக்கக்கூடும் என்பதால், உறையைப் பிரித்தவுடன் எது எனக் கண்டறிவது தொழிலாளியின் முதல் வேலை ஆகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில்

நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இரு மாவட்டங்களின் சமவெளியிலும் பருத்தி பயிரிடப்படுகிறது. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், கொங்கணாபுரம் ஆகிய இடங்களில் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களின் வழியாகப் பருத்தி ஏலம் நடைபெற்று வந்துள்ளது. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை போன்ற ஊர்களில் விசைத்தறிகள் மிகுதி. எனவே மெத்தைக்கு வேண்டிய பஞ்சும், உறைத்துணியும், ஆலைக் கழிவுப் பஞ்சும் இப்பகுதிக்குள்ளேயே கிடைக்கும் நிலை இருந்தது.

ஆயினும் வெப்பம் மிகுந்த இச்சமவெளியில் மெத்தை அன்றாடப் பொருளாக இருக்கவில்லை. மோகனூர், பரமத்தி வேலூர் முதலிய காவிரிக் கரை ஊர்களில் கோரை பயிரிடப்படுகிறது. கோரைப்பாயும் ஒரு தலையணையும் பெரும்பாலான வீடுகளின் படுக்கையாக இருந்தன. மகப்பேற்றுக்குப் பின் குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பு போதுமானதாக இருந்தது. மெத்தை பெரும்பாலும் திருமணச் சீராகக் கட்டிலோடு வீட்டிற்கு வந்தது. அவ்வாறு வந்த மெத்தையை எளிதில் தூக்கி எறியாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொட்டித் தைத்துப் பயன்படுத்தினர். இறந்தவர் படுத்திருந்த மெத்தையை மட்டும் கழித்துவிடுவது பரவலான வழக்கம்.

வெயில் வேண்டிய தொழில் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேலை குறைந்து, தை முதல் வெயில் மாதங்களில் மிகும். பொங்கலையொட்டி வீட்டைத் தூய்மை செய்வதும், அதன்பின் வரும் திருமண மாதங்களும் இதற்குத் துணைபுரிகின்றன.

நம்பகம்

வாடிக்கையாளரின் பொருள் தொழிலாளியின் கைக்குச் செல்வதால், திரும்பி வருவது அதே பஞ்சுதானா என்ற ஐயம் இத்தொழிலுடன் பிறந்தது. நல்ல நீள இழைப் பஞ்சை எடுத்துக்கொண்டு, ஆலைக் கழிவையோ பின்னலாடைத் துண்டுகளை அரைத்த பஞ்சையோ அடைத்துத் தைத்துவிட்டால், உறைக்கு வெளியிலிருந்து கண்டறிவது கடினம். சில மாதங்களில் மெத்தை மீண்டும் இறுகும்போதே உண்மை தெரியவரும்.

வாடிக்கையாளரின் திண்ணையிலோ வாசலிலோ அவர் கண்முன்னே வேலை செய்யும் முறை இந்த ஐயத்தைத் தவிர்த்தது. கடையில் கொடுக்கும்போது, கொட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. ஆனால் எடை குறைவது மட்டும் ஏமாற்றத்தின் சான்று ஆகாது. மண்ணும் தூசும் அறுந்த இழையும் கழிவதால் எடை குறைந்தே தீரும். மாறாக, புதுப் பஞ்சு எதுவும் சேர்க்காமல் எடை கூடியிருந்தால் ஐயுற இடமுண்டு.

உடல்நலம்

பஞ்சுத் தூசை நெடுநாள் சுவாசிப்போருக்குப் பிசினோசிசு என்னும் நுரையீரல் நோய் ஏற்படுகிறது. வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் தொடக்க அறிகுறி. தொடக்கத்தில் தூசிலிருந்து விலகினால் குணமடையலாம். முற்றினால் மூச்சுத் திணறல் நிலைத்துவிடும். பழைய மெத்தையில் பருத்தித் தூசுடன் பூஞ்சையும் நுண்பூச்சிகளின் கழிவும் சேர்ந்திருக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களுள் சேர்த்திருந்தது. அச்சட்டம் பொதுவாக மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. தெருவில் தனியாகவோ குடும்பமாகவோ பஞ்சு கொட்டுவோர் அதன் வரம்பிற்குள் வரவில்லை. அவர்களில் பலருக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதே ஒரே காப்பு.

ஒப்பான தொழில்கள்

வாடிக்கையாளரின் பொருளுக்குக் கூலிக்குத் தையலிட்டு முடித்துக் கொடுக்கும் தொழில் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் குயில்ட் எனப்படும் மூன்றடுக்குப் போர்வையின் மேல்துணியை, வண்ணத் துண்டுகளை இணைத்து வீட்டிலேயே தைப்பவர்கள் பலர். மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைப்பது வீட்டுத் தையல் பொறியில் கடினம். அதன் கழுத்திடைவெளி சிறியது. இதற்காக நீள்கைத் தையல் பொறி உருவாக்கப்பட்டது. இதில் துணி நீண்ட சட்டத்தில் இழுத்துக் கட்டப்படும். தையல் தலை தண்டவாளத்தின்மேல் நகரும். கழுத்திடைவெளி 18 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். 1980களிலிருந்து இது அங்கு வீட்டுத் தொழிலாகப் பரவியது. பரப்பளவைச் சதுர அங்குலத்தில் கணக்கிட்டுக் கூலி பெறுவது வழக்கம்.

இரு தொழில்களிலும் நடுவிலுள்ள பஞ்சை இடம்பெயராமல் நிறுத்துவதே தையலின் அடிப்படை நோக்கம். வேறுபாடு மதிப்பில் உள்ளது. குயில்ட் கண்காட்சிகளில் மேல்துணியைச் செய்தவர் பெயருடன் தையலிட்டவர் பெயரையும் குறிப்பிடுவதுண்டு. பஞ்சு கொட்டுபவரின் பெயர் மெத்தையில் எங்கும் இருப்பதில்லை. இந்தியாவில் வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுசனி, மகாராட்டிரத்தின் கோதடி, கருநாடகச் சித்திகளின் கவந்தி ஆகியவை பழந்துணி அடுக்குகளைக் கையால் தைத்துச் செய்யப்படுபவை.

இன்றைய நிலை

பாலியூரித்தேன் நுரை மெத்தையும், ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தையும் பரவியதால் இத்தொழில் பெரிதும் சுருங்கியுள்ளது. இவை எடை குறைந்தவை. ஆண்டுக்கணக்கில் வடிவம் மாறாதவை. ஆனால் அமுங்கிப்போன நுரையைப் பஞ்சைப் போல் கொட்டி மீட்க இயலாது. அம்மெத்தையின் வாழ்நாள் அத்துடன் முடிந்து, அது எளிதில் மட்காத கழிவாகிறது. பருத்தி மெத்தையில் பழுதுபார்ப்பு என்பது பொருளின் இயல்பிலேயே அடங்கியிருந்தது. புதிய மெத்தைகளில் அதற்கு இடமில்லாததால், பஞ்சு கொட்டுபவருக்கும் வேலை இல்லாமற்போனது.

வில் பெரும்பாலும் பொறிக்கு இடம்விட்டுவிட்டது. பொறி வைத்துள்ள கடைகள் பழைய மெத்தைகளைக் கொட்டித் தருவதோடு புதிய இலவம் பஞ்சு மெத்தைகளையும் தைத்து விற்கின்றன. முதுகுவலி, உடற்சூடு ஆகியவற்றைக் கருதிப் பஞ்சு மெத்தைக்குத் திரும்புவோரும் உள்ளனர். அவர்கள் வாங்கும் மெத்தையும் சில ஆண்டுகளில் இறுகும். அப்போது அதைப் பிரித்துத் தைக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் மட்டுமே, அம்மெத்தைக்கு உரிய நீண்ட வாழ்நாள் கிடைக்கும்.