அறிவுசார் முரண்பாடு

ஒருவரின் இரு எண்ணங்கள், அல்லது எண்ணமும் செயலும், ஒத்துப்போகாதபோது எழும் மன உளைச்சல். அதைத் தணிக்க மனிதர் பெரும்பாலும் செயலை மாற்றாமல் எண்ணத்தையே திருத்திக்கொள்கிறார் என்பது அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1957இல் நூலாக வெளியிட்ட கோட்பாடு.

அதன் வித்துகளுள் ஒன்று இந்தியாவில் கிடைத்தது. 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் ஆய்வாளர் ஜமுனா பிரசாத் வதந்திகளைத் திரட்டினார். அதிர்வை உணர்ந்தும் சேதமடையாத ஊர்களில், இன்னும் பெரிய பேரழிவு வருமென்ற பேச்சே பரவியது. அச்சத்தைக் கூட்டும் செய்தியை மக்கள் ஏன் நம்பினர்? ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கு அது காரணம் தந்தது என்றார் பெஸ்டிங்கர். மாறாக, துர்கானந்த் சின்கா ஆராய்ந்த டார்ஜிலிங் நிலச்சரிவில், அழிவைக் கண்ணால் கண்டவர்களிடம் அத்தகைய வதந்தி எழவில்லை. இந்த ஒப்பீடு கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது.

புணேயின் வாகட்டில், அருகிலுள்ள ஹிஞ்சவடி தொழில்நுட்பப் பூங்கா வேலையை நம்பிக் கடனில் வீடு வாங்கியவர், வாங்கிய பிறகும் அப்பகுதியைப் புகழும் செய்திகளையே தேடிப் படிப்பதும் இத்தகைய உளைச்சலைத் தணிக்கும் முயற்சியே.