கிரவுன் பல்லும் தொப்பூர் இறக்கமும்



போன மாதம் கொல்லிமலைச் சாலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இப்போது டிரெய்லர் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருந்தான். "டீச்சர், எங்கப்பா காலத்து லாரி அறுபதைத் தாண்டாது, எங்க வண்டி எண்பதுல போகுது. எல்லாம் இன்ஜின்தானே?" என்று. பாதி சரி கண்ணு. மீதிப் பாதி உன் சீட்டுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு நடுவில் குடம் போல வீங்கியிருக்கிற அந்த ஹவுசிங்குக்குள் இருக்கிறது. அந்தக் குடத்துக்கும் நம் சேலம் நாமக்கல் சீமைக்கும் பெரிய கதை உண்டு. நான் இடைநிலை ஆசிரியை, இன்ஜினியர் இல்லை. ஆனால் பெரியண்ணன் முப்பது வருஷம் லாரி ஓட்டிய வீட்டில் பிறந்தவள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். நாமக்கல்லில் இருந்து கரூர் பக்கம் போனால் காவிரி வரைக்கும் ஏறக்குறைய சமதரை. மற்றப் பக்கமெல்லாம் மலை: சேர்வராயன், நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை, கிழக்கே கல்வராயன், பச்சைமலை. சேலம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், தருமபுரி 470 போல, பெங்களூரு 900-க்கும் மேல். அதாவது வடக்கே போகிற எந்த லோடும், ஜவ்வரிசி ஆகட்டும், முட்டை ஆகட்டும், முதலில் தொப்பூரில் படி ஏறித்தான் ஆக வேண்டும். திரும்பி வரும்போது அதே படியில் இறங்க வேண்டும். மாட்டு வண்டிக் காலத்தில் ஏற்றத்துக்கு ஒரு ஜோடி மாடு கூடுதலாகக் கட்டினார்கள். லாரி வந்த பிறகு அந்தக் கூடுதல் ஜோடி மாடு கியர் பெட்டிக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-ல் இங்கிலாந்தின் லேலண்டு சேர்ந்து அசோக் லேலண்டு ஆனது. 1954-ல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்து நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கம்பெனி கொடுத்தது வெறும் சேஸ். அதற்குக் கேபினும் பாடியும் கட்டுகிற தொழில் நாமக்கல்லில் வேரூன்றியது. தச்சரும் கொல்லரும் பெயிண்டரும் ஒரே தெருவில் வேலை செய்தார்கள். பாடி கட்டுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. கியர் பெட்டியும் கிரவுனும் பார்த்த மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. எனக்கு அந்தக் குறை உண்டு.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், நான்காம் வகுப்புக் கணக்குதான்.

சைக்கிளில் முன் சக்கரப்பல் 44, பின்னால் 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். லாரியில் இது தலைகீழ். இன்ஜின் பல சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். கியர் பெட்டியில் இருந்து வரும் நீள ஷாஃப்டின் முனையில் சின்ன பினியன். அது ஆக்சிலில் உள்ள பெரிய கிரவுனைச் சுற்றும். பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41 பல் என்றால் 41-ஐ 6-ஆல் வகுத்து 6.83. பினியன் 7 பல் என்றால் 5.86. பார்வைக்கு ஒரே ஒரு பல் வித்தியாசம்.

டாப் கியரில் பெட்டிக்குள் மாற்றம் ஏதும் இல்லை, இன்ஜின் 2,400 சுற்று என்று வைப்போம். 10.00-20 டயர் ஒரு உருளலில் சுமார் 3.2 மீட்டர் போகும். ஆறு பல் வண்டி நிமிடத்துக்கு 1,124 மீட்டர், அதாவது மணிக்கு 67 கிலோமீட்டர். ஏழு பல் வண்டி 79 கிலோமீட்டர். தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே வந்துவிட்டது. ஆனால் வேகம் ஆறில் ஒரு பங்கு கூடும்போது இழுவை ஏழில் ஒரு பங்கு குறையும். தராசில் ஒரு தட்டு ஏறினால் மறு தட்டு இறங்கத்தான் செய்யும்.

அந்தக் காலத்தில் நம் ஆட்கள் இழுவைப் பக்கம்தான் நின்றார்கள். ஏற்காட்டில் இருந்தும் கொல்லிமலையில் இருந்தும் மேட்டூர் மால்கோ அலுமினியத் தொழிற்சாலைக்கு பாக்சைட் கல் லாரியில்தான் இறங்கியது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20. அந்த மாதிரிப் பாதையில் ஓடுகிறவருக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் எதற்கு? முதல் கியரில் பெட்டிக்குள்ளேயே சுமார் 7 மடங்கு, ஆக்சிலில் 6.83 மடங்கு, பெருக்கினால் 48 வரும். இன்ஜின் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நடந்து வருகிற கிளீனர் வண்டியை முந்தலாம். உண்மையில் பல வளைவுகளில் கிளீனர் கையில் கட்டையோடு கூடவே நடந்துதான் வந்தார். வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட வேண்டுமே!

கிரவுனும் பினியனும் கல்யாண ஜோடி மாதிரி. ஒன்று தேய்ந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. இரண்டும் ஒன்றாக உரசிப் பழகிய பல். புது ஜோடி போடும்போது மெக்கானிக் பல்லில் செந்தூரம் குழைத்துத் தடவிச் சுற்றிப் பார்ப்பார். தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம் தகடு சேர்த்தோ எடுத்தோ மறுபடியும் முதலில் இருந்து. அவசரப்பட்டு மூடினால் நூறு கிலோமீட்டருக்குள் ஆக்சில் ஊளையிடும். பல்லை மாற்றினால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும், ஏனென்றால் அதற்கான கேபிள் கியர் பெட்டியில் இருந்து எடுக்கப்படுவது. பின்னால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியாது. பெரிய டயர் போட்டாலும் இதே கதைதான். 9.00 டயரைக் கழற்றி 10.00 போட்டவர் தனக்குத் தெரியாமலே கியரை மாற்றியவர்.

கிளட்சுக்கு வருகிறேன். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகடு, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். பழைய வண்டிகளில் வட்டமாகப் பல காயில் ஸ்பிரிங்கும் அதைத் தூக்க விரல்களும் இருந்தன. விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் வண்டி கிளம்பும்போது உதறும். பெடலில் கொஞ்சம் விளையாட்டு விட வேண்டும். விடாவிட்டால் கால் வைக்காமலே தகடு வழுக்கும், ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பிறகு ஒற்றை டயாஃப்ரம் ஸ்பிரிங் வந்தது, தகட்டின் விட்டமும் 330, 352, 380 மில்லிமீட்டர் என்று வளர்ந்தது. எத்தனை பெரிய தகடு போட்டாலும் ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கிறவரிடம் அது தங்காது. பெரியண்ணன் புது டிரைவரைச் சோதிப்பது மூக்கால்தான். மலை ஏறி வந்ததும் பானெட் பக்கம் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விடுவார். அந்த டிரைவருக்கு அடுத்த நடை கிடையாது!

டபுள் கிளட்ச் என்ற வார்த்தை கேட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டிகளில் கியர் மாற்ற, ஒரு தரம் கிளட்ச் மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஆக்சிலேட்டர் கொடுத்து வேகம் ஒப்பாக்கி, மறுபடி மிதித்து அடுத்த கியர். 1928-லேயே அமெரிக்காவில் காடிலாக் காரில் சின்க்ரோமெஷ் வந்து இந்த வித்தையைத் தேவையில்லாமல் செய்துவிட்டது. நம் லாரிகளுக்கு அது பரவலாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்க முடியாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டு போன உயிர்கள் எத்தனையோ. அதனால்தான் பழைய டிரைவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, அதையும் மலைத்தலையிலேயே போட்டுக்கொள்.

பிறகு சாலை மாறியது. ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை வடக்கு தெற்கு நாற்கரச் சாலை நம் ஊர் வழியாகவே வந்தது. பழைய என்.எச். 7 இப்போது என்.எச். 44-இல் அடக்கம். 2010 வாக்கில் கிருஷ்ணகிரி முதல் நாமக்கல், கரூர் வரை நான்கு தடம். நேர்ச்சாலையில் ஆறு பல் வண்டி கத்திக்கொண்டு போக, ஏழு பல் வண்டி அமைதியாக முந்தியது, டீசலும் மிச்சம். முதலாளிகள் வேக ஆக்சில் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. டாடா வண்டியின் நெற்றி எண்ணைப் பிரித்துப் படியுங்கள். 1613 என்றால் 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன். 2515 என்றால் 25 டன், 150. 3118 என்றால் 31 டன், 180. 4018 என்றால் 40 டன், அதே 180. டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்தால் 8, 6, 5.8, 4.5. பெரிய வண்டி ஆக ஆக ஒரு குதிரை இழுக்கிற பாரம் கூடிக்கொண்டே வந்தது. ஏற்றத்தில் ஆறு கியர், ஒன்பது கியர் என்று பெட்டியைப் பெரிதாக்கி அதைச் சமாளித்துவிட்டார்கள். இறக்கத்தில்? வண்டியைப் பின்னால் இருந்து தள்ளுகிற எடை இரண்டரை மடங்கு, பிடித்து நிறுத்தும் இன்ஜின் ஒன்றரை மடங்குகூட இல்லை. அதோடு வேக ஆக்சில் வேறு. அதே கியரில், அதே வேகத்தில், இன்ஜின் ஏழில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பிடியும் அந்த அளவு தளரும்.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிந்தால் வரும் வெப்பத்தைவிடச் சற்று அதிகம். இன்ஜின் பிடிக்காவிட்டால் அது அத்தனையும் பிரேக் டிரம்முக்குள் போகிறது. டிரம் சூடேறி விரியும், லைனர் வழுக்கும், பெடல் அடிவரை போனாலும் வண்டி நிற்காது. தொப்பூர் இரட்டைப் பாலத்தருகே 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வரிசையாக வாகனங்கள் மோதி உயிர்கள் போனதை டிவியில் பார்த்தீர்கள். இந்த இரண்டும் வெளியூர்க்காரர்களும் பேசிய விபத்துகள். பேசப்படாமல் போனவை எத்தனை என்று அந்த வழியில் ஓடுகிற உங்களுக்கே தெரியும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்பது நம் ஊரில் தாத்தா காலத்து நம்பிக்கை. தொப்பூர் மாதிரி இறக்கத்தில் அது தவறான கணக்கு. கியர் போட்டு, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. அப்போது பழைய மைக்கோ பம்பில் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். இன்றைய வண்டியில் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்கவே டீசல் குடிக்கும். லேசான சரிவில் தானாக உருண்டு கொஞ்ச தூரம் போகலாம், அதில் சில சொட்டு மிஞ்சலாம். பிரேக் மிதித்துக்கொண்டே இறங்குகிற சரிவில் மிஞ்ச என்ன இருக்கிறது? லைனர்தான் தேயும். சாவியையே அணைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு என்கிறார்கள். ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் இன்ஜினில் ஓடுவது. பவர் ஸ்டியரிங்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்து அணைக்கிறார்கள்.

டிரைவரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. நடைக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்து, மிச்சம் பிடித்தால் உனக்கு, கூடினால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று நோட்டில் எழுதுகிறவர் யார்? இந்தப் பதிவைப் படிக்கிற சொந்தங்களில் நான்கைந்து பேராவது வண்டி வைத்திருக்கிறீர்கள். மாப்பிள்ளைகளே, அத்தை சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மைலேஜ் கணக்கில் தொப்பூருக்கு என்று தனியாக ஒரு வரி போடுங்கள். புது வண்டி எடுக்கும்போது ஆக்சில் என்ன விகிதம், எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறதா என்று கேட்டு எடுங்கள். லோடு இறங்கினதும் டிரைவரிடம் எத்தனை லிட்டர் என்று கேட்கும் முன் டிரம் சூடு எப்படி என்று கேளுங்கள்.

குறைந்த கியரில் வாருங்கள் என்று இறக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். சாலையின் சரிவையே குறைக்க உயர்மட்டப் பாதை கட்டும் வேலையும் எடுத்திருக்கிறார்கள். அது முடிந்து திறக்கும்வரை பழைய இறக்கம்தான் வழி. அதுவரை நாமக்கல் வண்டி ஒவ்வொன்றும் தருமபுரி தாண்டியதும், பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் ஆக்சில் ஹவுசிங்கில் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள், அதில் விகிதம் இருக்கும். துடைத்துப் பார்த்து எனக்கு எழுது. மற்றவர்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய வண்டிக்கு எத்தனை பல் என்று கேட்டுச் சொல்லுங்கள். அடுத்த பதிவு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பற்றி.