கோடு, வரப்பு, ஒரு மில்லிமீட்டர்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுலதான் எங்க ஊர். அங்க ரெண்டு பேர் பேசிக்கலைன்னா பாதி நேரம் வரப்புத் தகராறாத்தான் இருக்கும். சர்வேயர் வந்து புலப்படத்தை விரிச்சு, சங்கிலி பிடிச்சு, "கோடு இப்படிப் போகுது"ன்னு காட்டிட்டுப் போயிடுவார். காகிதத்துல கோட்டுக்கு அகலம் கிடையாது. வரப்புக்கு இருக்கே! அது யார் பக்கம் விழுதுங்கறதுதான் சண்டையே.

பொட்டி தட்டற உனக்கு இதுல என்னய்யான்னு கேக்காதீங்க. 2024-ல நானே ஒரு வரப்புத் தகராறுல மாட்டினேன்.

அப்பாவோட கிணத்து மோட்டாருக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வந்தா போனுக்குத் தகவல் அனுப்பற ஒரு சின்ன சர்க்யூட். ஈகிள் மென்பொருள்ல வரைஞ்சேன். பலகை 80-க்கு 50 மி.மீ. சித்தப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரங்களுக்கும் சேர்த்து பத்து பலகை. விளிம்புக் கோடு 20-ஆம் அடுக்குல இருக்கும், மில்லிங் 46-ஆம் அடுக்கு. நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, 20-ல இருந்ததை அப்படியே 46-க்கு நகலெடுத்து அனுப்பிட்டேன். வந்தது 78-க்கு 48! வெட்டுற கட்டரோட விட்டம் 2 மி.மீ. அதோட மையம் கோட்டு மேலயே போனதால ஒவ்வொரு ஓரத்துலயும் 1 மி.மீ. காலி. ஓரத்துல இருந்த திருகு ஓட்டைகள் எல்லாம் வாயைப் பிளந்துட்டு நின்னுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நான் சொன்னபடிதான் வெட்டியிருந்தாங்க.

அந்தக் கடுப்புல இந்த 'பாதி விட்டம்' கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்டினேன்.

1940-களின் பின்பாதி. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஜான் பார்சன்ஸ்னு ஒருத்தர். ஹெலிகாப்டர் இறக்கை செய்யற கம்பெனி அவரோடது. வளைவான வடிவத்தைத் துல்லியமா வெட்டணும். முன்னெல்லாம் சில புள்ளிகளைக் குறிச்சு, இணைச்சு, வெட்டி, அரத்தால ராவுவாங்க. அவர்கிட்ட வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன் துளை அட்டை இயந்திரங்களை வெச்சுக் கணக்குப் போடறவர். பார்சன்ஸ் அவர்கிட்ட கேட்டது இதுதான்: விளிம்புல 200 புள்ளி கணக்கிட முடியுமா, ஒவ்வொண்ணையும் கட்டரோட ஆரம் அளவுக்குத் தள்ளி வைக்க முடியுமா? அப்புறம் ஒருத்தர் எண்களைப் படிக்க, ரெண்டு பேர் ஆளுக்கொரு அச்சைத் திருப்ப, வெட்டு நடந்தது. (யோசிச்சுப் பாருங்க, மூணு ஆள் சேர்ந்து ஒரு ஃபார் லூப்!)

அதை இயந்திரமே செய்யட்டும்னு கிளம்பின வேலை எம்.ஐ.டி-க்குப் போச்சு (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லீங்க). 1952-ல துளை நாடா படிச்சுத் தானே வெட்டுற இயந்திரத்தைக் காட்டினாங்க. அப்புறம் டக்ளஸ் ராஸ் தலைமையில ஏ.பி.டி-ங்கற மொழி வந்துச்சு. அதுல இருக்கற மூணு சொல்லைப் பார்த்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. டூல் லெஃப்ட், டூல் ரைட், டூல் ஆன். கட்டர் கோட்டுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, மேலயேவா? வரப்பு யார் பக்கம்னு அன்னிக்கே கேட்டிருக்காங்க! நான் பண்ணினது மூணாவது. இன்னிக்கு ஜி-கோடுல இருக்கற ஜி41, ஜி42 முதல் ரெண்டும்தான்.

அப்போ சர்க்யூட் மென்பொருள்ல ஏன் இந்தக் குழப்பம்? அதுக்குக் காரணம் கெர்பர் கோப்புன்னு நினைக்கிறேன். 1924-ல வியன்னாவுல பிறந்து, நாஜிகள்கிட்டயிருந்து தப்பிச்சு 1940-ல அமெரிக்கா போன ஜோசப் கெர்பரோட கம்பெனி, ஃபிலிம்ல ஒளியால வரையற இயந்திரம் செஞ்சது. அதுக்கான மொழியை ஆர்.எஸ்.274-ங்கற அதே வெட்டு இயந்திரத் தரத்துல இருந்துதான் எடுத்தாங்க. ஆனா ஒளிக்குக் கோட்டு மேலயே போறதுதான் சரி. செம்புப் பாதையோட அகலமே அந்த ஒளியோட அகலம்தானே. அதே பழக்கத்துல விளிம்பையும் வரைஞ்சு, அதையே கட்டர் போற பாதைன்னு கொடுத்தா என் கதைதான்.

1988-ல ஜெர்மனியோட கேட்சாஃப்ட் வெளியிட்ட ஈகிளுக்குள்ள, சி மொழி மாதிரியே யு.எல்.பி-ன்னு ஒரு மொழி உண்டு. (2026 ஜூன் 7-ஓட ஈகிளை நிறுத்தறதா ஆட்டோடெஸ்க் 2023-லயே அறிவிச்சிடுச்சு. கொஞ்சம் வருத்தம்தான்.) அதுல ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதினேன். விளிம்புத் துண்டுகள் வரிசையா வரும்னு நம்பாதீங்க. ஒண்ணோட முனையும் அடுத்ததோட முனையும் பொருந்துதான்னு பார்த்து நாமதான் கோர்க்கணும். கோர்த்த பிறகு பரப்பளவைக் குறியோட கணக்கிட்டா, சுத்தினது வலமா இடமான்னு தெரிஞ்சிடும். கடிகாரத் திசையில சுத்தினா பலகை வலப்பக்கம், கட்டர் இடப்பக்கம். 1 மி.மீ. வெளியே தள்ளு. பலகைக்குள்ள இருக்கற ஓட்டைக்கு அப்படியே தலைகீழ், கட்டர் உள்ளே வரணும். இதுல மட்டும் ரெண்டு ராத்திரி போச்சு.

ரெண்டாவது தடவை வந்த பலகையை வெர்னியர்ல அளந்தேன். 80.0, 50.0. அப்பா பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "ஒரு மில்லிமீட்டருக்கா இத்தனை நாள்?"ன்னார். கிழக்கால வரப்பை ஞாபகப்படுத்தினேன். பேசாம மோட்டார் போடப் போயிட்டார்.