சாதி நாய்

“அசல் சாதி நாய்டா, கலப்பே இல்ல” என்பார் மாமா. அவருடைய டால்மேஷன் சிறுநீர் போக முடியாமல் முனகியதுதான் எனக்கு ஞாபகம்.

தூய டால்மேஷன்களில் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு பழுதுபட்டது. அமிலம் சிறுநீரில் சேர்ந்து கல்லாகும். 1973இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு டால்மேஷனைப் பாய்ண்டர் இனத்தோடு ஒரே ஒருமுறை இணைத்தார். அடுத்தடுத்த தலைமுறைகளை டால்மேஷனோடே சேர்த்தார். புள்ளிகள் இருந்தன, பழுது இல்லை.

1981இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிந்தது. டால்மேஷன் வளர்ப்போர் எதிர்க்கவே பதிவு நின்றது. மறுபடி ஏற்க 2011 ஆனது.

முப்பது வருஷம் தீர்வு கையில் இருந்தது. தடுத்தது நோயில்லை, மாமா பெருமையாகச் சொன்ன அதே வார்த்தைதான்: கலப்பே இல்ல.