மேடைக்கூச்சம்

பலர் முன்னிலையில் பேச நேரும்போது எழும் அச்சமே மேடைக்கூச்சம். சபைக்கூச்சம் என்றும் சொல்வர். பிறர் தம்மை எடைபோடுகிறார்கள் என்ற எண்ணத்தை மூளை ஆபத்தாகவே கொள்வதால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது, கையிலுள்ள தாள் நடுங்குகிறது. 2013இல் வெளியான, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, மேடையில் மட்டும் தோன்றும் கடும் அச்சத்தைச் சமூகப் பதற்றக் கோளாற்றின் ஒரு வகையாகக் குறிக்கிறது.

திருக்குறள் இதற்கென்றே ‘அவையஞ்சாமை’ (அதிகாரம் 73) வகுத்துள்ளது. அவைக்கு அஞ்சுபவர் கற்ற கல்வி பயன்படாது என்பது அதன் சாரம்.

மேடைக்கூச்சத்துக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு காந்தி. பாரிஸ்டராகி 1891இல் நாடு திரும்பியவர், பம்பாயில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டு, 30 ரூபாய் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். பின்னர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வணிகர்களிடம் தொழிலில் வாய்மை பற்றிப் பேசியதையே தம் முதல் பொதுப்பேச்சாகச் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

கூச்சம் தணிய முதன்மையான வழி படிப்படியான பழக்கம்: முதலில் வீட்டார் முன், பிறகு சிறு குழுவில், அதன்பின் அரங்கில். முழு உரையையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் தடுமாற நேரும்; குறிப்புகளும், நன்கு பழகிய தொடக்க வரிகளும் கைகொடுக்கும். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இவ்வகைப் பயிற்சியையே அளிக்கின்றன. அச்சம் கடுமையானால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை உதவும்.