கூலியும் குடிமனையும்: காவிரிப் படுகையில் வயல் வேலையின் வரலாறு

1952 ஆகஸ்ட் 23 அன்று ராஜாஜி அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நிலவுடைமையாளரான மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. கூடவே ஒரு விலக்கும் இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது சுமார் 6.67 ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவரைச் சட்டம் தொடாது.

அந்த ஒரு வேலிக் கணக்குதான் சட்டத்தின் பலனை இடத்துக்கு இடம் மாற்றியது. பெரும் பண்ணைகள் கிழக்கே மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கம் இருந்தன. மேற்கே கும்பகோணம், சுவாமிமலை, திருவையாறு வட்டாரத்தில் சிறிய மிராசுகளே மிகுதி. மானுடவியலாளர் காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை இரு பகுதிகளிலும் தங்கி ஆய்ந்தார். வடமேற்கில் தான் பார்த்த ஊருக்குக் ‘கும்பபேட்டை’ என்றும், கிழக்கில் பார்த்த ஊருக்குக் ‘கிரிப்பூர்’ என்றும் புனைபெயர் வைத்தார். கிழக்கில் வேரூன்றிய கம்யூனிஸ்டுகளின் செங்கொடி விவசாயச் சங்கம் மேற்கே வலுப்பெறவில்லை என்பது அவர் எழுத்தில் தெளிவாகத் தெரிகிறது.

பண்ணையாள் என்பவர் யார்? மிராசுதாரின் பண்ணையில் நிரந்தரமாகக் கட்டுண்டு உழைத்தவர். 1843-இல் அடிமை முறை சட்ட ஏற்பை இழந்தது. வயலில் அதன் பிடி அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மிராசுதாரின் நிலத்தில் போட்ட குடிசை, மரக்காலில் அளந்து தரும் நெல் மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே பண்ணையில் கட்டிப்போட்டன. விடுபட நினைத்தவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். அங்கேயும் தோட்ட வேலைதான், ஆனால் கைக்குக் காசு வந்தது.

ஊரிலேயே நின்று கேட்கும் துணிவு 1943-இல் தென்பரையில் பிறந்தது. கர்நாடகத்திலிருந்து வந்து தமிழ் கற்ற பி. சீனிவாச ராவ் அங்கே விவசாயச் சங்கத்தைத் தொடங்கினார். 1944-இல் களப்பாலிலும், அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆளைச் சவுக்கால் அடிப்பதும், சாணிப்பால் குடிக்க வைப்பதும் அவற்றால் முடிவுக்கு வந்தன. ஒரு கூலி ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தைய நிலையை விளக்க வேறு சான்று தேவையில்லை. அடுத்த சில ஆண்டுகளில் மாயவரம் தீர்ப்பு கூலி நெல்லையும் அறுவடைப் பங்கையும் உயர்த்தியது.

1952 சட்டம் இந்த வழியில்தான் வந்தது. ஆனால் பண்ணையாளுக்குக் கிடைத்த பாதுகாப்பே பண்ணையாளை வேண்டாதவராக்கியது. நிரந்தர ஆளை வைத்தால்தானே சட்டம் குறுக்கே நிற்கும்? மிராசுதார்கள் பலரும் தினக்கூலிக்கு மாறினார்கள். வேலை செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போனது. வேலை கிடைக்கும் என்ற உறுதியும் கூடவே போனது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி உயர்வுக் கோரிக்கையும், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதும், செங்கொடியை இறக்கச் சொன்ன நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் நெருக்கடியும் பின்னணி. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இடையில் கணபதியா பிள்ளை குழு கூலியை ஆராய்ந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இந்த வரிசையில் எல்லோரும் பேசுவது கூலிச் சட்டத்தைத்தான். அதைவிட ஆழமாக வேலை செய்தது 1971-இன் குடியிருப்புச் சட்டம். மிராசுதாரின் மண்ணில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனைக்கட்டையே சொந்தமாக்கியது அது. அதற்கு முன் கூலி போதாது என்று சொன்னவர் மறுநாள் சட்டிபானையோடு தெருவில் நிற்க நேரும். மனை கைக்கு வந்த பிறகுதான் ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்தது.

பின்னர் வயலே மாறியது. அறுப்பு மெஷின் வந்து கருக்கரிவாளை ஓரங்கட்டியது. அறுவடை நெல்லில் பங்கு வாங்கிய பெண்கள்தான் அதில் அதிகம் இழந்தார்கள். ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்களின் நாள்கூலிக்கும் வெளியூர்க் குழுக்களின் ஏக்கர் கணக்குக்கும் இடையிலான பேரம் எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாகப்பட்டினத்துக்கும், மறு ஆண்டு தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களுக்கும் வந்தது. ஆளில்லை என்று நிலக்காரர்கள் இன்றுவரை அதைக் குறை சொல்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அரசு எழுதி வைத்த வேலை அது. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தொகை நாளுக்கு 319 ரூபாய். நடவு வயலில் பெண்ணின் பேரம் தொடங்க அது ஓர் அடித்தளம் தந்தது. 1971-இல் மனைக்கட்டு செய்ததற்கு இதுவும் உறவுதான்.

1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாய வேலைக்கும் பொருந்தியது. கூலியை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. இன்று நடப்பில் உள்ள கூலி எவ்வளவு என்பதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், நடவுக்கும் அறுப்புக்கும் தனித்தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க அரசு முன்வர வேண்டும். குறுவை நடவுக்கு முன் அதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் ஆகாது.