நிற்பதற்கென்று வாங்கப்பட்ட கார்: பம்பாய்த் தமிழர் வரலாற்றில் செகண்ட் ஹேண்ட் சொகுசு வாகனம்

இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் 1926-இல் பிறந்த மஸ்தான், எட்டு வயதில் தந்தையுடன் பம்பாய் வந்து கிராபர்ட் மார்க்கெட் பகுதியில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் அமர்ந்தார். பின்னர் மசகான் துறைமுகத்தில் சுமைகூலியானார். கடை வாசலைக் கடந்து மலபார் ஹில் நோக்கிச் செல்லும் கார்களை அச்சிறுவன் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் கதை, அவரைப் பற்றிய எல்லா நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பிற்காலத்தில் வெள்ளை உடையும் வெள்ளை மெர்சிடிஸ் பென்ஸுமே ஹாஜி மஸ்தானின் அடையாளமாயின. திரைப்படம் அந்தக் காரை அப்படியே எடுத்துக்கொண்டு, குற்றத்தின் ஆபரணமாக்கிவிட்டது. வரலாற்றாய்வும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கார் எந்தச் சட்ட அமைப்பில் பொருள் பெற்றது என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-இலேயே பம்பாய் சிவ்ரியில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944-இல் நிறுவப்பட்டுக் குர்லாவில் தொழிற்சாலை கண்டது. முழுதாகக் கட்டப்பட்ட கார்களின் இறக்குமதி 1949-இல் தடுக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. எஞ்சியவை கல்கத்தாவின் அம்பாசடர், குர்லாவின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகியவையே. 1959-இல் கார் விநியோகமே அரசாணைக்கு உட்பட்டது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் உடனே கைக்குக் கிடைக்கும் பழைய பியட், கட்டுப்பாட்டு விலையிலான புதிய பியட்டைவிட அதிக விலைக்குப் போனது. பழையது மலிவானது என்ற பொது விதி இந்தியாவில் ஒரு தலைமுறைக் காலம் தலைகீழாக நின்றது.

வெளிநாட்டுச் சொகுசுக் காரின் நிலை இன்னும் விந்தையானது. தூதரக அதிகாரிகள் பயன்படுத்திவிட்டு விட்டுச்சென்றதை அரசு வர்த்தகக் கழகம் வாங்கி விற்றது. அயல்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புவோர் வரி கட்டித் தம் காரைக் கொண்டுவரலாம். தடைக்கு முன்பே வந்தவை, சமஸ்தானங்களின் கொட்டில்களிலிருந்து கைமாறியவை என இன்னும் சில இருந்தன. எவ்வழியில் வந்தாலும் அது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. ஆக, உரிமக் காலத்துப் பம்பாயில் வெளிநாட்டுக் கார் என்றாலே ஏறத்தாழ செகண்ட் ஹேண்ட் கார்தான். அதில் இழுக்கு ஏதுமில்லை. தங்கக் கட்டியை இடுப்பில் ஒளிக்கலாம், பென்ஸை ஒளிக்க இயலாது. அதற்குப் பதிவெண் வேண்டும், வரி ரசீது வேண்டும். கடத்தல் பணத்தில் வாங்கியவரும் அந்த ஒரு பொருளுக்காக ஆவண உலகத்துக்குள் வந்தே தீர வேண்டியிருந்தது.

கிராண்ட் டூரிங் கூபே என்பது ஐரோப்பியச் சாலைகளுக்குப் பிறந்த கருத்து. இரண்டு கதவு, பெரிய எஞ்சின், இருவர் களைப்பின்றி நாடு விட்டு நாடு போகும் வசதி. 1952-இல் வந்த பென்ட்லி ஆர் டைப் கான்டினென்டல் இவ்வகைக்கு அடிக்கடி சுட்டப்படும் சான்று. பம்பாயிலோ, புனே விரைவுச்சாலை 2002-இல் முழுமையடையும் வரை அத்தகைய வண்டி தன் இயல்புக்கேற்ப ஓட இடமே இல்லை. போர் காட் மலைப்பாதையில் லாரியின் பின்னால் அதுவும் பியட்டைப் போலவே ஊர்ந்தது. எனவே அதன் கவர்ச்சியை வேகத்தில் தேடுவது பிழை. பம்பாயில் அது நிற்பதற்கான வாகனம். ஏழு பேர் நெருக்கி அமரும் குடும்பக் கார்களுக்கு நடுவே, இடத்தை வீணாக்கத் துணிந்த பொருள்.

இக்கவர்ச்சி எல்லாத் தமிழரிடமும் ஒன்றாக இருக்கவில்லை. மாட்டுங்காவின் எழுத்தர், தட்டச்சர் குடும்பங்கள் 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற நிறுவனங்களில் தம் மதிப்பை முதலீடு செய்தன. கார் வாங்கியோர் பியட்டோடு நின்றனர். தண்டவாளத்துக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் தாராவிக்குக் கார் என்பது கழுவ, ஓட்ட, பழுதுபார்க்கக் கிடைத்த வேலை. 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியரைக் குறிவைத்தபின், அடக்கமாக இருப்பதே நடுத்தரத் தமிழரின் பாதுகாப்பாயிற்று. மஸ்தானின் வெள்ளைக் காரும், மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே வரதராஜ முதலியார் எழுப்பிய ஆடம்பர விநாயகர் பந்தலும் இந்தப் பின்னணியில் வேறு பொருள் பெறுகின்றன. ஒளிந்து வாழச் சொன்ன நகரத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டவை. இதனால் அம்மனிதர்களின் குற்றம் குறைவதில்லை. ஆனால் அவர்களை வியந்து பார்த்த தாராவிச் சிறுவனை வெறும் குற்ற ரசிகன் என்று ஒதுக்குவதும் சரியான சமூக வரலாறு ஆகாது.

1973-இன் எண்ணெய் நெருக்கடி பெரிய எஞ்சின்களின் வாழ்வை முடித்தது. அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. கட்டுமஸ்தான உடலுக்குள் லாரியின் இதயம். மற்றவை குர்லாவின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு வேறு, கண்ணாடி வேறாகப் பிரிந்தன.

2001-இல் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியபோதும் அரசு பழைய காரிடம் தனி அச்சம் காட்டியது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்டது கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். அடிப்படைச் சுங்கவரி மட்டும் 105 சதவீதம். உள்நாட்டுச் சந்தை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. இன்று சொகுசு கூபே சில ஆண்டுகளில் பாதி விலைக்கு இறங்கிவிடுகிறது. செம்பூரின் பொறியாளரும் தாராவியின் தோல் ஏற்றுமதியாளரும் அந்த விலையை எட்டலாம். விலைதான் இறங்குகிறது, பராமரிப்புச் செலவு இறங்குவதில்லை. ஒரு கியர்பெட்டி பழுதானால் அது புதுக் காரின் கணக்கையே கேட்கும். அந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்க இயலாதவரின் வண்டி கைமாறிக் கைமாறி, முடிவில் உலோகமும் பிளாஸ்டிக்குமாகப் பிரிக்கப்படுகிறது. மும்பையில் அப்படிப் பிரித்துத் தரம் பார்க்கும் தொழிலுக்குப் பெயர்போன இடங்களில் ஒன்று தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்ட்.